கரையில் ஓர் ஈரம்

அபாயச் சங்கு அலறியது. மண் அணையின் அடியில் அப்போதுதான் நின்ற காரிலிருந்து துப்பறிவாளரும் அவருடைய மச்சானும் குதித்து இறங்கினார்கள். ஓட்டி வந்த பெண் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

“பாத்தீங்களா சார்? இந்த மாசத்துல இது நாலாவது கசிவு. ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுட்டு ஓடி வர்றேன். காவலாளிதான் கரையில ஓட்டை போடுறான்னு சந்தேகம், அதான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன். நாளைக்குப் பொக்லைன் வருது. கரை தானா உடையறதுக்குள்ள வெட்டிட்டு, அவனையும் அனுப்பிடப் போறேன்.”

கரைச் சரிவில் பாய் அகலத்துக்கு ஈரம் பளபளத்தது. மேலே சங்கின் அருகே காவலாளி நின்றான்.

“அத்தான், இவன் செருப்பைப் பாருங்க, ஒரே சேறு!” என்றான் மச்சான்.

“கரையில வேலை பாக்கிறவன் செருப்புல சந்தனமா ஒட்டும்? டேப்பைப் பிடி மாப்ளே.”

அளந்தார்கள். கரை உச்சியிலிருந்து ஐந்தடி கீழே ஈரம். மறுபக்கம், ஏரியின் தண்ணீர் அதே உச்சியிலிருந்து பத்தடி கீழே கிடந்தது.

“இந்த அம்மாதான் போன்ல தண்ணியை இறக்கச் சொன்னாங்க. ஒரு வாரமா மறுகரை மதகைத் திறந்து இறக்கினேன்” என்றான் காவலாளி. “ஆனா ஈரம் கண்டா ஊதணும்னு உத்தரவாச்சே!”

துப்பறிவாளர் கீழே இருந்த வீட்டுக்கு நடந்தார். பெண்ணின் அப்பா, அந்த அணையைக் கட்டியவர், கைத்தடியோடு எழுந்தார். பெரிய கூடம். நான்கு கட்டில்களில் மூன்றின் மெத்தைகள் சுருட்டிக் கிடந்தன. மேசையில் கழுவித் துடைத்த இரண்டு டம்ளர்கள்.

“இன்னைக்கு வர்றேன்னு அப்பாகிட்ட சொன்னீங்களாம்மா?”

“இல்லையே.”

“அப்ப ரெண்டாவது டம்ளர் யாருக்கு?”

அவள் டம்ளர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“தண்ணி மேல்நோக்கிக் கசியாதும்மா. ஏரியைவிட அஞ்சடி உசரத்துல ஈரம்னா, அது ஏரித் தண்ணியே இல்ல. யாரோ கீழே நின்னு ஹோஸ் பைப்ல பீய்ச்சியிருக்காங்க.”

“காவலாளிதான்!” என்றான் மச்சான்.

“அவன் தினமும் அளவுகோலைப் பாக்கிறவன். தண்ணி இறங்கினது அவனுக்குத் தெரியும், ஈரத்தையும் இறக்கியிருப்பான். பழைய மட்டத்தையே நெனச்சுப் பீய்ச்சினவர் ஏரியைப் பாத்து ரொம்ப நாளாச்சு. முட்டிவலியில கரை ஏற முடியாதவர்.”

பெரியவர் தலை குனிந்தார்.

“அப்பா! நாளைக்கு அணையையே வெட்டியிருப்பேனே! அந்த ஆளையும் வேலையை விட்டுத் துரத்தியிருப்பேனே! ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?”

பெரியவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

“கரை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா, நீ வருவியாம்மா?”