மூன்றாம் நம்பர் ஷட்டர்

டெலிபோன் அலறியது.

காலை ஆறு பத்து.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில், தண்ணீரைத் தடுக்கும் ஷட்டர்களின் கன்ட்ரோல் ரூமில் இன்ஜினியர் தனியாக இருந்தார். ரிசீவரை எடுத்தார்.

"ஹலோ..."

"சார், மூணாம் நம்பர் ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கு?"

பெண் குரல்.

இன்ஜினியர் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். தினமும் காலையில் இதே கேள்வியைக் கேட்பவள் ஒருத்திதான். ஆற்றில் மீன்வளத்தை மீட்க வந்த ஆராய்ச்சிக்காரி. ஆபீசில் எல்லோருக்கும் அவள் 'மீன் மேடம்'.

நான்கு நாளாக அவளைக் காணவில்லை.

காணாமல் போக வைத்தவரே இந்த இன்ஜினியர்தான்!

"யா... யாரு பேசறது?"

"மூடிட்டீங்களா சார்? குஞ்சு மீனெல்லாம் வெளியவே நிக்குது. குளிருது சார்..."

லைன் கட்டானது.

இருபத்திரண்டு வருடமாக மூடியே கிடந்த ஷட்டர்கள் அவை. மழை வெள்ளத்தைக் கடலுக்கு வெளியேற்ற மட்டும் திறப்பார்கள். கடல் தண்ணீர் உள்ளே வந்து போனால்தான் மீன் தங்கும் என்று மீன் மேடம் மல்லுக்கட்டி, மூன்று வாரம் முன்பு மூன்றாம் நம்பர் ஷட்டரை மட்டும் சோதனைக்குத் திறக்க ஆர்டர் வாங்கினாள்.

இன்ஜினியருக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. பதினோரு வருடம் முன்பு ஷட்டரை மூடத் தாமதமாகி, பொங்கி வந்த கடல் அவர் மனைவியைக் கொண்டு போயிருந்தது. கரையோரக் காலனியில் இப்போது முந்நூறு வீடுகள். அவர் யாருக்கும் சொல்லாமல் மூடினார். அவள் கண்டுபிடித்து, கூடவே நின்று திறக்க வைத்தாள். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றாள்.

நான்கு நாள் முன்பு, ஷட்டர்களுக்கு மேலே உள்ள நடைபாலத்தில் வாய்த் தகராறு... ஒரே தள்ளு. கடல் பக்கமாக. திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிட்டார். மறுநாள் ஷட்டரை மூடினார்.

இப்போது நடைபாலத்துக்கு ஓடினார். பனி மூட்டம். மூன்றாம் நம்பர் ஷட்டருக்கு மேலே, முதுகைக் காட்டியபடி ஒரு மஞ்சள் ரெயின்கோட். நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் கைகூப்பினார்.

"போயிடும்மா... கடல் பக்கமாத்தானே தள்ளினேன்? இந்நேரம் நடுக்கடலுக்குப் போயிருக்கணுமே நீ..."

"எதுக்கு சார் தள்ளினீங்க?"

"என் பொண்டாட்டியைத் தண்ணி வாரிட்டுப் போனப்ப நான் இதே இடத்துலதான் நின்னேன். முந்நூறு வீடு... இன்னொரு தடவை பார்க்க என்னால முடியாதும்மா."

அழுதார். நடிப்பில்லாத அழுகை.

"போதும் சார். பதிவாயிடுச்சு."

பின்னால் பெண் இன்ஸ்பெக்டர். கையில் செல்போன்.

மஞ்சள் ரெயின்கோட் திரும்பியது. இடது கையில் மாவுக்கட்டு. மீன் மேடம்... உயிரோடு!

"ஆத்துப் பக்கம், மேல சதுப்பு நிலத்துல மயங்கிக் கிடந்தாங்க. நண்டு பிடிக்கிறவர் ஆஸ்பத்திரியில சேர்த்தார். நேத்துதான் கண் முழிச்சாங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "சாட்சி யாரும் இல்ல. அதான் இந்த நாடகம்."

"ஆத்துப் பக்கமா? திறந்தா தண்ணி வெளியதானே போகும்..."

"அது உங்க இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சார்" என்றாள் மீன் மேடம். "அன்னிக்குக் கடல் ஏறிட்டிருந்த நேரம். தண்ணி என்னைத் திறந்த ஷட்டர் வழியா உள்ள இழுத்துட்டுப் போச்சு."

குரலைத் தணித்தாள்.

"காலனி முழுகாது சார். அடுத்து மாட்டப் போறது, கடல் அளவு மீறினா தானா மூடிக்கிற கதவு. வரைபடம் ஒரு மாசமா உங்க மேஜையில கிடக்கு. நீங்க பிரிக்கவே இல்ல."

பதினோரு வருடமாக இன்ஜினியர் தேடிய கதவு அது. மெல்ல முனகினார்.

"ஷட்டரை மீனுக்காகத்தானே திறந்தாங்க..."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

"மீனுக்காகத்தான் சார். அதே வழியில மனுஷங்க உள்ள வரக்கூடாதுன்னு நீங்க போர்டு வைக்கலையே!"