பின் இருக்கை இணைந்தது

எல்லாவற்றையும் அழித்தது அவன்தான். வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை; குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் அந்த மாலை நேரத்தில் அவனையும் மோட்டார் சைக்கிளையும் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. வண்டித் திரையில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டப் போய், கையுறை போட்ட தடித்த விரல் வேறெங்கோ பட்டு, ‘எல்லா இணைப்புகளையும் நீக்கவா?’ என்று வண்டி மரியாதையாகக் கேட்டது. அவனும் மரியாதையாக ‘ஆம்’ என்று தட்டிவிட்டான். லிஃப்ட் ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் அவன். எச்சரிக்கையைப் படியுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்வான், தான் படிக்கமாட்டான்.

அறுந்த இணைப்புகளில் மனைவியின் ஹெல்மெட்டும் ஒன்று. மழையில் இருவரும் வண்டியோடு சறுக்கி விழுந்ததிலிருந்து அவள் பின்னால் ஏறுவதில்லை. முழங்கை ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. மெதுவாகப் போகச் சொல்லி அவள் கத்தியது அவன் காதில் விழவே இல்லை என்பது அவள் வழக்கு. அதற்காகத்தான் அவள் ஹெல்மெட்டுக்குள் ஹெட்செட் வைத்தான். கெஞ்சிக் கூத்தாடியதில், இன்று வேலை முடிந்து அவனோடு வருவதாகச் சொல்லியிருந்தாள். இன்றும் சொதப்பினால் இந்த ஜன்மத்தில் ஏறமாட்டாள்.

அவள் ஹெல்மெட்டின் பட்டனை அழுத்திப் பிடித்தான். ஓரத்து விளக்கு சிவப்பும் நீலமுமாக மின்னியது. வண்டி தேடியது. திரையில் பெயர் இல்லாமல் ஒரு வெற்று வரி எழுந்தது. இணைக்கவா? ஆம்.

‘பின் இருக்கை இணைந்தது.’

தன் திறமையை மெச்சிக்கொண்டே ஹெல்மெட்டைத் தூக்கினான். விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. சிவப்பு. நீலம். சிவப்பு. சேர்ந்துவிட்டால் நீலத்தில் நிற்க வேண்டியது, யாரையோ இன்னும் தேடிக்கொண்டிருந்தது.

ஹெட்செட்டை மாட்டிக் கொடுத்த மச்சானை ஃபோனில் கூப்பிட்டான். மனைவியின் தம்பி, வண்டிக்கு விளக்கு, ஹெட்செட் மாட்டும் கடை வைத்திருப்பவன், அக்கா புருஷனைக் கிண்டல் செய்யாமல் அவனுக்குப் பேச வராது. இந்த வண்டி தன் கம்பெனி ஹெட்செட்டை மட்டும்தான் சீட்டில் உட்கார வைக்கும், வேறு கம்பெனி சரக்கை ஃபோன் என்று பொய் சொல்லித்தான் உள்ளே நுழைக்க வேண்டும், அதை அன்றைக்கே சொன்னேன், மாமாதான் விலையைப் பார்த்து வாங்கினீர்கள் என்று பழைய பாட்டையே பாடினான். பிறகு நிறுத்தினான்.

“திரையில என்ன போட்டிருக்கு மாமா? ஃபோன்னா, பின் இருக்கைன்னா?”

“பின் இருக்கை.”

“நம்ம ஹெட்செட் அந்த எடத்துல ஏறவே ஏறாது.”

“அப்ப ஏறினது எது?”

மச்சான் சிரிக்கவில்லை. கடையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். மச்சானின் பின்னணியில் ஒரு குரலும் கேட்கவில்லை.

விலை கூடின ஹெட்செட்டைத் தலையில் கட்ட மச்சான் போடும் நாடகமா? அப்படித்தான் நினைத்தான், நினைக்க ஆசைப்பட்டான். இல்லையென்றால் இதே வண்டி வைத்திருக்கும் மாடி வீட்டுக்காரரின் ஹெல்மெட் குறுக்கே புகுந்திருக்கும். அவர் வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தான். உலர்ந்த எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

வண்டியோடு வந்த தன் ஹெட்செட்டை மறுபடி சேர்த்து, தன் ஹெல்மெட்டை மாட்டினான். மெல்லிய இரைச்சல், அதற்கடியில் ஒரு மூச்சு. தன்னுடையதுதான் மைக்கில் திரும்பி வருகிறது என்று மூச்சைப் பிடித்துப் பார்த்தான். காதுக்குள் அது நிற்கவில்லை.

மனைவியின் ஹெல்மெட்டை அணைத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, சரிவில் ஏறித் தெருவுக்கு வந்தான். நாலு எட்டு தள்ளிப் போனால் இந்த இணைப்பு அறுந்துவிடும், எவனுடையதாக இருந்தாலும். தெருமுனை வந்தது. மருந்துக்கடை, பள்ளிக்கூடச் சுவர், பாலம் எல்லாம் வந்தன. திரையில் அந்த வரி அசையவில்லை. சிக்னலில் நின்றவர்களை ஒவ்வொருவராக முறைத்தான்: பார்சல் கொண்டுபோகும் ஆள், ஸ்கூட்டர் பெண், காரில் பல் குத்திக்கொண்டிருந்த பெரியவர். பல் குத்தியவர் பதிலுக்கு முறைத்தார். எவனோ விளையாடுகிறான், கூடவே வருகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேகம் எடுத்தான்.

வேகத்தடை ஒன்று வந்தது. முன்சக்கரம் ஏறி இறங்கியது, காதில் ஒன்றுமில்லை. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

“ம்.”

தூக்கிப்போட்டால் பின்னால் இருப்பவர் முனகுவாரே, அந்தச் சத்தம். அடுத்த தடையில் வேண்டுமென்றே ஊர்ந்தான். முன்சக்கரம். பின்சக்கரம். “ம்.”

கூடவே வருகிறவனுக்கு என் பின்சக்கரம் எப்படித் தெரியும்?

ஹெல்மெட்டுக்குள் ஈரப் பஞ்சின் வாடை வந்தது, மழையில் நனைந்து, காயாமல் மூடிவைத்த பஞ்சின் வாடை. வண்டி கனத்திருந்தது. கூடுதலாக ஒரு ஆள் ஏறினால் லிஃப்ட் எப்படி அமுங்கிக் கொடுக்கும் என்று அவன் உள்ளங்காலுக்குத் தெரியும். இப்போது உள்ளங்கால் அதைத்தான் சொன்னது. கண்ணாடிகள் இரண்டிலும் அவனுடைய முழங்கைகளும் வெறும் சாலையும்.

ஓரமாக நிறுத்தி, இணைப்பை நீக்கும் பட்டனைத் தட்டினான். வண்டி அதே மரியாதையோடு பதில் சொன்னது: ‘ஆள் அமர்ந்திருக்கையில் நீக்க இயலாது.’

திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மறுத்தது. ஓட்டினான். மெதுவாக. குலுங்காமல்.

மூச்சு நீண்டது. சீரானது.

மனைவி வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசல். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். கடைசிப் படியில் நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

அவன் ஹெல்மெட்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை. தலைவலிக்கிறது, பஸ்ஸில் வருகிறேன் என்றாள். பஸ்ஸில் தலைவலி போய்விடுமா என்று கேட்டான். உள்ளே ஒரு வேலை பாக்கி என்றாள். வருவதாகவே இவள் எண்ணியிருக்கவில்லையோ? தம்பியும் அக்காளும் பேசிவைத்துக்கொண்டு ஆட்டுகிறார்களோ? வாய்க்கு வந்ததைச் சொல்ல நினைத்தான். கெஞ்சலாகத்தான் வந்தது.

“சத்தியமா மெதுவாப் போறேன். நீ சொல்றது ஒவ்வொண்ணும் எனக்குக் கேக்கும். ஏறு.”

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தாள். பிறகு தோளை.

“எதுக்கு இப்படிப் பாக்கறே? உள்ளதைச் சொல்லிடு.”

அவள் அசையாமல், உதடு மட்டும் பிரிய, குழந்தை இருக்கும் அறையில் பேசுவதுபோலச் சொன்னாள்.

“உக்கார எடமில்லைங்க. சத்தம் போடாதீங்க. உங்களைக் கட்டிப் பிடிச்சிட்டு, தோள்ல தலையைச் சாச்சுத் தூங்குது.”