செத்தவளுக்கு வயது கூடுமா?

"கொஞ்சம் சத்தத்தைக் கூட்டு..."

அடுப்படியில் தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டிருந்த யுவராணிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஈஸ்வரபாண்டியின் குரல்தான். அதட்டல் இல்லாத, தன்மையான குரல்! மூன்று வருடமாக அந்த மனிதர் கட்டின மனைவியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் தன் அக்கா பவானியைப் பார்த்து, "அவளைத் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். யுவராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு ஓடினாள்.

"என்னங்க... கூப்பிட்டீகளா?"

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். கையில் ரிமோட் இருந்தது. டிவியில் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் தானாக உயர்ந்தது.

"தம்பி ரிமோட்டுகிட்டப் பேசுது" என்றாள் பவானி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி. புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். "உன்னையவா கூப்பிடப் போகுது? போ, போயி வேலையைப் பாரு."

கட்டினவளுக்குக் கிடைக்காத கனிவு கையளவு பிளாஸ்டிக்குக்குக் கிடைத்துவிட்டது! யுவராணி திரும்பிப் போய் மாவை ஊற்றினாள். அன்று ஊற்றிய முதல் தோசையே கருகிப் போனது.

அந்தச் சாமான் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இடி விழுந்து டிஷ் பெட்டி புகைந்து போய்விட, உத்தமபாளையத்தில் கடை வைத்திருக்கும் அஷ்ரப் மூன்று அட்டைப் பெட்டிகளோடு வீட்டுக்கே வந்தார்.

"புது டிவி எல்லாம் வேணாம் மாமா. பழைய டிவிதேன், ஆனா பின்னாடி சொருகுற ஓட்டை இருக்கு. இதுல ஒரு குச்சியை மாட்டிட்டா வைஃபையில அம்புட்டும் வந்துரும். இந்தப் பெருசு ஃபோர்-கே, உங்க டிவிக்கு அது தண்டம். இந்தா, இது ரொம்ப மலிவு. ஆனா ஆறு மாசத்துல திக்கித் திக்கி நிக்கும், அப்புறம் என்னையத்தேன் வைவீக. நடுவுல இருக்கறதை எடுத்துக்கங்க. ரிமோட்டுல பேசுனாலே கேக்கும்."

"பேசுனா எதிர்த்துப் பேசுமா?" என்றார் ஈஸ்வரபாண்டி.

"பேசாது மாமா. சொன்னதைச் செய்யும்."

"அப்ப அதையே மாட்டு. இந்த வீட்டுல சொன்னதைக் கேக்க ஒன்னாவது இருக்கட்டும்."

அடுப்படி வாசலில் நின்ற யுவராணியைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். அஷ்ரப் காதில் விழாதது மாதிரி குச்சியை டிவிக்குப் பின்னால் சொருகினார். மெயில் ஐடி கேட்டார். "என் போன்லயே என்னமோ ஒன்னு இருக்கும், பாரு" என்று போனை நீட்டினார் ஈஸ்வரபாண்டி. அஷ்ரப் எதையெல்லாமோ அழுத்திவிட்டு, "சும்மா கெடக்கயில போட்டோ ஓடட்டுமா மாமா? திரை கருப்பா இருக்காது" என்று கேட்டார்.

"ஓடட்டும், ஓடட்டும்."

யோசிக்காமல் சொன்ன அந்த வார்த்தையில்தான் ஓவியா வீட்டுக்குள் வந்தாள்.

ஓவியா இவர்களுடைய மகள். நர்சிங் முடித்த கையோடு, குமுளியில் ஜீப் ஓட்டும் சுருளிராஜனோடு போய்விட்டாள். வேறு சாதிப் பையன். ஈஸ்வரபாண்டி வாய்க்காலுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். அதோடு விட்டாரா? கோம்பை பஸ் ஸ்டாப்பில் மகளின் படத்தைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று பெரிய ஃபிளெக்ஸ் கட்டினார். உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்து ஊருக்குச் சோறு போட்டார். அந்தச் சோற்றை ஆக்கியவள் பெற்றவள்தான். "எவடி அவளை அனுப்பி வச்சது?" என்று அவர் அரிவாளோடு நின்ற அன்று, "நாந்தேன்" என்று முன்னால் வந்து நின்றவளும் அவள்தான். வெட்டவில்லை. பேச்சை வெட்டிக்கொண்டார். இனி மகளிடம் பேசுவதில்லை என்று மகன் அருண்பாண்டியின் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை எந்தத் தாய் மீறுவாள்? ஓவியா எப்படி இருக்கிறாள், என்ன சாப்பிடுகிறாள், ஒரு சேதியும் யுவராணிக்குத் தெரியாது.

கூடத்தில் டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில் ஓவியாவின் படம் மாலையோடு தொங்கியது. அதன் கீழே எந்நேரமும் எரியும் சிவப்பு பல்பு. டிவி அணைந்திருக்கும்போது அந்த மாலையும் சிவப்பும் கருந்திரைக்குள் தெரியும்.

ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கிப் பேயாட்டம் ஆடிய ஒரு பகல். புழுதிக்குப் பயந்து கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. ஈஸ்வரபாண்டி திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். யுவராணி கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பவானி பார்த்துக்கொண்டிருந்த நாடகம் முடிந்து வெகுநேரமாகிவிட்டது. ரிமோட்டை யாரும் தொடவில்லை. திரை மெல்ல இருண்டது.

பிறகு தானாக வெளிச்சம் வந்தது. மழையில் நனைந்த படிக்கட்டு ஒன்று. படியில் ஒரு ஜோடிச் செருப்பு. ஆள் இல்லை. அது கரைந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டுக்கு மேலே சூடுபட்ட தழும்பு. யுவராணி பூண்டைப் போட்டுவிட்டு எழுந்தாள். சின்ன வயதில் பால் சட்டியைப் பிடித்து இழுத்து ஓவியா வாங்கிக்கொண்ட தழும்பு அது. கையும் கரைந்தது. முகம் வந்தது.

"ஆத்தீ...!" என்று பவானி அலறியதில் வெற்றிலைத் தட்டு உருண்டது.

ஓவியா இவர்களையே நேராகப் பார்த்தாள். சிரிப்பு இல்லை. பின்னால் மூடுபனி. யுவராணி சுவரைத் திரும்பிப் பார்த்தாள். மாலைக்குள் இருந்தவளுக்கு ஒட்டிய கன்னம், கல்லூரிக் களை. திரையில் நின்றவளுக்குக் கன்னம் பூசியிருந்தது, கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்தது.

"மதினி... செத்தவளுக்கு வயசு கூடுமா?"

"உசுரோட இருந்தவளுக்குக் காரியம் பண்ணோம்ல யுவராணி... அது சும்மா விடுமா? எங்கனயோ அவளைத் தூக்கிருச்சு! காரியம் பண்ண வீடு இதுதேன்னு இங்கன வந்து நிக்கிறா!"

பவானி அன்றைக்கே டிவியின் இரண்டு பக்கமும் வேப்பிலை செருகினாள். வேப்பிலைக்கு நடுவே ஓவியா வந்துகொண்டுதான் இருந்தாள். மேடிட்ட வயிற்றோடு ஒரு நாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்க ஒரு நாள். அதன்பின் வந்ததெல்லாம் குழந்தைதான். துணியில் சுற்றிய குழந்தை, குப்புற விழுந்த குழந்தை, யாருமில்லாத கட்டிலில் தனியாகக் கிடந்து இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கும் குழந்தை. பக்கத்தில் தாய் மட்டும் இல்லை!

யுவராணிக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவத்தில் போய்விட்டாளோ... பெற்ற தாய்க்குச் சொல்லக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டாளோ... போட்டோவில்கூட இல்லாமல் எங்கே போவாள்? யாரிடம் கேட்பது? கேட்டால் சத்தியம் இருக்கிறதே! கூடத்தைக் கூட்டும்போதெல்லாம் அந்தச் சிரிக்கும் குழந்தை எங்கே நின்றாலும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றி, துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

ஈஸ்வரபாண்டியும் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. செய்தி கேட்பதை விட்டார். தோட்டத்திலிருந்து சீக்கிரமே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். ரிமோட்டைத் தொட்டால் போட்டோ போய்விடும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு மத்தியானம் யுவராணி கதவிடுக்கில் பார்த்தபோது அவர் ரிமோட்டை வாயருகே வைத்திருந்தார்.

"ஓவியா..."

"வணக்கம் குட்டீஸ்! இன்னைக்கு யானை ஓவியம் வரையலாமா?" என்றது டிவி.

"ஓவியம் இல்ல... ஓவியா... ஓவியான்னுதேன சொல்றேன்..."

திரையில் ஒரு யானைக்குத் தும்பிக்கை வளர்ந்தது. அவர் மறுபடியும் கூப்பிட்டார். அடுத்த யானை வந்தது. மகளைச் செத்தவள் என்று ஊருக்கு அறிவித்த வாய், இருட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னது! யுவராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மதுரையில் வேலை பார்க்கும் அருண்பாண்டி வீட்டுக்கு வந்தான். டிவியில் குச்சி மாட்டியது அவனுக்குத் தெரியாது. கூடத்தில் இலை போட்டு அப்பாவும் மகனும் உட்கார்ந்தார்கள். யுவராணி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் திரை இருண்டு, பின் வெளிச்சமானது.

ஈஸ்வரபாண்டியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

மொட்டைத் தலையில் சந்தனம். குழந்தை வாய் பிளந்து அழுகிறது. ஆசாரி அதன் காதுக்குக் கம்பியைக் கொண்டுபோகிறார். குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தவன்... அருண்பாண்டி!

காது குத்தும்போது பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். வேறு யார் மடியும் அதற்கு ஆகாது. அது யார் பெற்ற பிள்ளை என்று அந்தக் கூடத்தில் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அய்யய்யோ தம்பி! அவ இவனையும் அங்கன கூட்டிக்கிட்டாடா!" என்று பவானி மாரில் அடித்துக்கொண்டாள்.

யுவராணியின் கையிலிருந்து குழம்புச் சட்டி நழுவியது. மகனின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏலே அருணு... அவ எங்கடா? பிள்ளை இருக்கு, நீ இருக்க... அவளைக் காணோமேடா! எந்தப் போட்டோலயும் அவளைக் காணோமே! எம் மக செத்துட்டாளா? மறைக்காதடா... சொல்லிரு!"

"அம்மா! அவதேம்மா போட்டோவே எடுக்குறா!"

யுவராணி அவனையே பார்த்தாள்.

"பிள்ளை பொறந்ததுல இருந்து போனும் கையுமாத்தேன் திரியிறா. எடுக்குறவ எப்படிம்மா போட்டோல இருப்பா? நல்லா இருக்காம்மா... நேத்துக்கூடப் பேசுனேன்!"

யுவராணி கொட்டிக் கிடந்த குழம்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

"அக்கா..." ஈஸ்வரபாண்டியின் குரல் கரகரத்தது. "இதெல்லாம் நம்ம டிவிக்கு எப்படி வந்துச்சுன்னு அவனைக் கேளு."

"அக்காவை எதுக்குக் கேக்கச் சொல்றீக? நானே சொல்றேன்" என்று எழுந்து நின்றான் அருண்பாண்டி. "உங்க போன்ல இருக்க மெயில், ஓவியா காலேஜுல சேரயில உங்க பேர்ல ஆரம்பிச்சது. அவ போன்லயும் அதுதேன். எடுக்குற போட்டோ பூராம் அதுல போயித்தேன் சேருது. வேற மாத்திக்கன்னு சொன்னேன். 'அப்பா பேரு எங்கிட்ட மிச்சம் இருக்குறது அதுலதேன், எடுக்க மாட்டேன்'னுட்டா."

ஈஸ்வரபாண்டி இலையைப் பார்த்தபடி இருந்தார்.

"இன்னொன்னும் கேட்டுக்கங்க. அன்னைக்கு அவளைக் குமுளி பஸ்ஸுல ஏத்தி விட்டது நானு. அம்மாவுக்கு ஒன்னுமே தெரியாது! நான் சொல்ல வாயெடுத்தேன்... நீங்க அருவாளோட நின்னீக. அம்மா என் வாயைப் பொத்திட்டு முன்னால வந்துச்சு. நானும் கோழைப் பயலாட்டம் மூணு வருசம் வாயைப் பொத்திக்கிட்டேன்..."

காற்று ஜன்னலை அறைந்தது. ஈஸ்வரபாண்டி மெதுவாகத் தலையைத் தூக்கினார். மூன்று வருடத்தில் முதல்முறையாக மனைவியின் கண்ணைப் பார்த்தார்.

"நீ... ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இவனுக்கும் ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருப்பீக" என்றாள் யுவராணி. "ரெண்டு பிள்ளைக படத்துக்கு மாலை போட எங் கையில தெம்பு இல்லங்க. ஒருத்திய விட்டுட்டு ஒருத்தனையாவது காப்பாத்துவோம்னு நெனச்சேன். நீங்க பேசாததைக்கூடப் பொறுத்துக்கிட்டேன்... உசுரோட இருக்க மகளுக்கு என் கையாலயே காரியச் சோறு ஆக்க வச்சீகளே... அதைத்தேன் என்னால மறக்க முடியல!"

பவானி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய மன்னிச்சிரு ஆத்தா... நான் எம்புட்டுப் பேச்சுப் பேசிட்டேன் உன்னைய!"

யுவராணி கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். ஒரு பையில் இரண்டு துணியை வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எவன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்குனீகளோ அவனே என்னையக் கூட்டிட்டுப் போறான். நான் எம் பேரப்பிள்ளையைப் பாக்கப் போறேன். அந்த மாலையை நீங்கதேன் போட்டீக... கழட்டுறதும் கழட்டாததும் உங்க இஷ்டம்."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் உத்தமபாளையம் வண்டி நின்றுகொண்டிருந்தது. யுவராணி ஏறி இரண்டு பேர் உட்காரும் சீட்டில் நடுவில் உட்கார்ந்தாள். அருண்பாண்டி பின்னால் நின்றான். வண்டி நகரப்போகும் நேரத்தில் ஈஸ்வரபாண்டி ஓடி வந்து படியில் தொற்றினார். சட்டைப் பொத்தான்கள் மாறிக் கிடந்தன. மூச்சு வாங்கியது.

"என்ன பாண்டியண்ணே, வீட்டோட கெளம்பிட்டீக? எங்கன?" என்று டீக்கடையிலிருந்து சத்தம் போட்டார் அம்மாவாசி. கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அத்தனை பேரும் அன்று பதினாறாம் நாள் சோறு தின்றவர்கள்.

ஈஸ்வரபாண்டி படியிலேயே நின்றார். யுவராணி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் விரல்கள் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்தன.

"குமுளிக்கு... மக வீட்டுக்கு."

"மகளா? எந்த மக?"

"எனக்கு எத்தனை மகடா இருக்கா?" அவர் குரல் உடைந்து தெருவெல்லாம் கேட்டது. "ஓவியா வீட்டுக்குடா! எம் மக உசுரோட இருக்கா... நான் சொன்னது பொய்யி! எல்லார்கிட்டயும் சொல்லு!"

அவர் தோள் துண்டால் முகத்தைப் பொத்தியபடி உள்ளே வந்து, சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"யுவராணி..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

வண்டி கிளம்பியது. கொஞ்ச தூரம் போனபின் அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.