இந்தப் பதிப்பில் இனி இயங்காது

முப்பத்தொன்றாம் தேதியோடு அது நின்றிருக்க வேண்டும்.

ஒரு மாதமாக, கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அதோடு இணைத்த டிவியில் அந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது: உங்கள் மென்பொருள் பழையது, ஜூலை 31க்குப் பிறகு இந்தப் பதிப்பில் எங்கள் படச் சேவை இயங்காது. இன்று ஆகஸ்ட் ஒன்று. இசக்கிமுத்து மதியச் சோற்றைத் தின்றுவிட்டு, மாவுக்கட்டு போட்ட வலது காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, பழக்கத்தில் மவுஸை அழுத்தினான். சேவை திறந்தது. படங்களின் வரிசை இல்லை. திரை கருப்பாக இருந்தது, சத்தமும் இல்லை. அடியில் மட்டும், காது கேளாதவர்களுக்காகப் போடும் வெள்ளை எழுத்து ஒரு வரி.

'மழைத் தூறல்.'

அந்த எழுத்தை வைத்துத்தான் அவன் இரண்டு வருடமாகப் படம் பார்க்கிறான். வீரபாண்டியில் பதினெட்டு வருடம் நிட்டிங் மெஷின்களுக்கு நடுவே நின்றதில் வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில், தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ பேசுவது போலப் பாதிதான் விழும். போன மாதம் மெஷினடியில் எண்ணெய் வழுக்கிக் காலும் முறிந்த பிறகு, வேலம்பாளையத்து மாடி வீட்டில் பகல் முழுக்க அவனும் அந்தப் பழைய கம்ப்யூட்டரும்தான். மனைவி நதியா பனியன் கம்பெனியில் செக்கிங். அவள் வீடு வர மாலை ஆறாகிவிடும்.

ஜன்னலைப் பார்த்தான். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நனைந்த சிமெண்டின் வாசனையும், பக்கத்து பிரிண்டிங் பட்டறையின் மண்ணெண்ணெய் நெடியும் கலந்து உள்ளே வந்தன.

கம்ப்யூட்டரை விற்ற ராயபுரம் கடைக்காரன் பிரதீப்புக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை இடது காதோடு ஒட்டவைத்தான்.

"தம்பி, நின்னுரும்னு சொன்னியே, வருதுல்லா. கருப்பாக் கெடக்கு, எழுத்து மட்டும் ஓடுது."

"அது நேத்தோட முடிஞ்சுதுங்ணா. அவங்களே எடுத்துட்டாங்க. நெட் வயரைப் புடுங்கிப் பாருங்க, போயிரும்."

பிடுங்கினான். வயர் கையில் இருக்கும்போதே அடுத்த வரி வந்தது.

'கீழே வாளி உருளும் ஓசை.'

இரண்டு நொடி கழித்துத்தான், ஜன்னலுக்குக் கீழே, முற்றத்துக் குழாயடியில் இருந்த பச்சை வாளி காற்றில் சாய்ந்து உருண்டது. அவன் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. வீட்டுக்காரம்மா ஞானாம்பாள் வந்து வாளியை எடுத்து வைத்துவிட்டு, குடையைப் பிடித்தபடி அவனை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். எப்போதும் போல அசட்டுத்தனமாகச் சிரிக்கப் போனவன், திரும்பி டிவியைப் பார்த்தான்.

'ஏனுங்க, மக ஊட்டுக்குப் போயிட்டு வந்தர்றனுங்க. கேட்டைப் பூட்டிக்கிறேன்.'

"சரிங்கம்மா," என்று தலையாட்டினான். அவள் கேட்டைப் பூட்டிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள்.

முதுகில் மெல்லிய குளிர் ஓடியது. ஆனாலும் அதற்கு அடியில் ஒரு சந்தோஷம் இருந்ததை அவனால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. ஒரு மனுஷி பேசியது இப்படி முழுசாக அவனிடம் வந்து சேர்ந்து எத்தனை நாளாகிறது. அணைக்க வேண்டும் என்று நினைத்தான். அணைக்கவில்லை. 'ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றது' என்று வந்தது. எழுந்துபோய்க் கை வைத்துப் பார்த்தான், நின்றிருந்தது. 'பல்லி' என்று வந்தது; டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லி தலை நீட்டியது. தான் இத்தனை நாளும் இருந்த வீட்டில் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மணி மூன்று பத்து.

'படியில் காலடி. வெறுங்கால்.'

கேட் பூட்டியிருந்தது. சாவி ஞானாம்பாளிடமும் நதியாவிடமும்தான். ஞானாம்பாள் இப்போதுதான் போனாள். நதியா வர இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

'காலடி நின்றது. கதவுக்கு வெளியே.'

அவன் ஊன்றுகோலை எடுத்து நொண்டிப்போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தான். மரம் அதிர்ந்தது. யாரோ தட்டுகிறார்கள். இடது காதை வைத்தான். அடியாழத்தில் ஒரு குரல், பெண் குரல், ஏறி ஏறி இறங்கியது. வார்த்தை பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தான்.

'ஏங்க, கதவத் தொறங்க. மழையில நனைஞ்சிட்டேன். கரண்டு இல்லன்னு கம்பெனில விட்டுட்டாங்க.'

தாழ்ப்பாளுக்குக் கை போனது. அதற்குள் இன்னொரு வரி.

'நதியாவைப் போலவே பேசுகிறது.'

கை நின்றது. பேசுகிறாள் என்று இல்லை. பேசுகிறது.

கதவு மறுபடி அதிர்ந்தது. நதியாவுக்குப் போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, ஷிப்டு நேரத்தில் கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியென்றால் அவள் உள்ளேதான் இருக்கிறாள். வேலையில் இருக்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"யாரு?" என்றான். தன் குரலும் அவனுக்குத் தூரத்தில் கேட்டது. "நீ நதியான்னா, நம்ம புள்ள எங்க படிக்கா, சொல்லு."

காதைக் கதவில் அழுத்தினான். அந்தப் பக்கம் ஒரு முனகல், நீளமாக, அழுதுகொண்டே யாரோ பேசுவது போல. திரையைப் பார்த்தான்.

'பதில் இல்லை.'

காது அவனை எத்தனையோ முறை ஏமாற்றியிருக்கிறது. மெஷின் நின்றது தெரியாமல், சூப்பர்வைசர் கூப்பிட்டது தெரியாமல், நாலு பேர் நடுவில் அவன் அவமானப்பட்டிருக்கிறான். எழுத்து ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை.

மேல் தாழ்ப்பாளையும் போட்டான்.

கதவு படபடவென்று அதிர்ந்தது. இரண்டு கையாலும் அடிக்கிறது. கீழே இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் உள்ளே கசிந்தது. அவன் முதுகைக் கதவில் சாய்த்துத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். மாவுக்கட்டுக்குள் கால் விண்விண் என்று தெறித்தது.

'நகத்தால் பிறாண்டுகிறது.'

'மூச்சு வாங்குகிறது.'

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வெறும் கருப்பு.

'படியில் இன்னொரு காலடி.'

இன்னொன்றா.

'அவளுக்குப் பின்னால்.'

அவளுக்கு.

அவன் அந்த ஒரு சொல்லைப் படித்தான். மறுபடி படித்தான்.

'நதியா திரும்பிப் பார்க்கிறாள்.'

"நதியா," என்றான். கோல் கீழே விழுந்தது. மேல் தாழ்ப்பாள். கை வழுக்கியது. சற்று முன் முதுகில் படபடத்த கதவு இப்போது அசையவில்லை. கீழ்த் தாழ்ப்பாள். துருப்பிடித்த கம்பி விரலைக் கிழித்தது. திரையில் வரிகள் வந்துகொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. படிக்கவில்லை. படிக்க மாட்டேன்.

திறந்தான்.

யாரும் இல்லை. படிக்கட்டின் மேல்திட்டில் நதியாவின் சாப்பாட்டுப் பை சரிந்து கிடந்தது. மழையென்றால் அவள் கழற்றிக் கையில் எடுத்து வரும் செருப்பில் ஒன்று. கீழே கேட், சாவியோடு, திறந்து கிடந்தது. தெரு காலி. மழை.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

வாசலுக்கு மேலே சிமெண்ட் கூரை. ஒழுகாத கூரை. நிமிர்ந்தான்.

நதியா அங்கே படுத்திருந்தாள். கூரையின் அடிப்பக்கத்தில், பாயில் மல்லாந்து படுப்பது போல, முதுகு ஒட்டி, கை இரண்டும் விரிந்து. ஈரப் புடவை தொங்கவில்லை. முடி தொங்கவில்லை. எல்லாம் மேல்நோக்கியே விழுந்து கிடந்தன. கண் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன. நிறுத்தாமல் அசைந்தன. சத்தம் இல்லை.

பிறகு அவனுக்குப் பின்னால், நாள் முழுக்க ஊமையாக இருந்த டிவியிலிருந்து அவள் குரல் வந்தது. தெளிவாக. செத்துப்போன வலது காதிலும் கேட்டது.

"மோனிஷா பாளையங்கோட்டையில படிக்கா. கதவத் தொறங்க. மோனிஷா பாளையங்கோட்டையில படிக்கா. கதவத் தொறங்க."