படைப்பு எண் 4: சுவாசம்

பழைய துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு காலத்தில் சங்கு அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியில் கிளாட்வின் தன் கலைக் கண்காட்சியை வைத்தான். காலை ஒன்பதரைக்கு நான் போய் இறங்கியபோது வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்தால் நம் கை நமக்குத் தெரியவில்லை.

"பார்வையாளன் முதல்ல தன்னை இழக்கணும் அண்ணாச்சி" என்றான்.

நான் இழந்தது வலது கால் பெருவிரல் நகத்தை. வாசலில் படி இருப்பதை யாரும் சொல்லவில்லை.

என் வேலை சின்னது. படைப்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டும் அட்டைகளை எழுதித் தர அவனுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. பிளைவுட், கிழிந்த வலை, தார், உப்பு, சங்குத்தூள், கொஞ்சம் அக்ரிலிக். எல்லாவற்றையும் ஒரே பலகையில் ஒட்டினால் அதற்குக் கலப்பு ஊடகம் என்று பெயர். அட்டையில் 'இருப்பு', 'இன்மை' என்று இரண்டு சொல் சேர்த்தால் விலை ஏறும். மூன்று அட்டைகளை எழுதி ஒட்டிவிட்டேன். நாலாவதுக்கு வந்தபோதுதான் வாடை அடித்தது.

சங்குக்குள் சதை அழுகும் வாடை. கிட்டங்கி என்றால் அது இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே சங்கு வைத்துப் பத்து வருஷமாயிற்று என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நாலாவது, ஆள் உயரப் பலகை. உப்பைப் பரப்பி, அதன்மேல் நீளமான மஞ்சள் ரப்பர் ஓஸ் ஒன்றை வட்டம் வட்டமாகச் சுருட்டி, கண்ணாடி போல் இறுகும் ரெசினை ஊற்றி உறைய வைத்திருந்தான். ஓஸின் ஒரு முனை உள்ளேயே புதைந்துவிட்டது. மறுமுனை மட்டும் நடுவிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அந்த முனையில் பல் பதிந்த தடம் இருந்தது.

"எங்கன பிடிச்ச இதை?"

"திரேஸ்புரம் மணல்ல. அநாதையாக் கெடந்தது அண்ணாச்சி. கண்டெடுத்த பொருள்."

கண்டெடுத்த பொருள் என்பது கலையுலகில் மதிப்பான ஒரு வகை. திரேஸ்புரத்தில் அதற்கு வேறு பெயர்.

அந்த வேறு பெயரைச் சொல்லிக்கொண்டே ஓர் ஆள் உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். கைலி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னக் குருசு. சங்குகுளி வள்ளத்தில் கம்ப்ரசர் பார்க்கிற இஞ்ஞாசி. "களவாணிப்பய, எங்க ஓஸை எங்கலே வச்சிருக்க" என்று வந்தவர், பலகையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"சுருட்டிட்டியா?"

குரல் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது.

விஷயம் இதுதான். சங்குகுளிக்கிறவன் கடலுக்கடியில் இருப்பான். மேலே வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், ஓஸ் வழியாக அவனுக்குக் காற்றுப் போகும். ஆள் கீழே இருக்கிறவரை ஓஸை ஒரு சுற்றுக்கூடச் சுருட்ட மாட்டார்கள். தலை தண்ணீருக்கு மேலே தெரிந்த பிறகுதான் முதல் சுற்று. இஞ்ஞாசியின் தம்பி பெனிஸ்டன் ஆறு வாரத்துக்கு முன்னால் இறங்கினான். ஓஸ் மட்டும் மேலே வந்தது. அன்றிலிருந்து அதை நீட்டி, முனை கடலைப் பார்க்க, மணலில் போட்டு வைத்திருந்தார்கள். உடம்பு கரை சேர்ந்தால் கோயிலில் பூசை வைத்து அடக்கம் செய்யலாம். அதன் பிறகு சுருட்டலாம். இஞ்ஞாசி கேட்பது அவ்வளவுதான். தம்பி உடம்பு, அதற்கு ஒரு குழி.

கிளாட்வினும் இதே கடற்கரைக்காரன்தான். ஆனால் பத்து வயதில் பெங்களூர் போனவன். கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே படித்தது.

"அண்ணே, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா இது இப்போ ஓஸ் இல்ல. இது ஒரு நினைவு."

"நினைவை நீ வச்சுக்க. ஓஸை அவுத்துத் தா."

"ரெசின் இறுகிட்டு. உடைச்சாத்தான் வரும். சென்னையில இருந்து ஒரு ஆர்ட் காலரிக்காரம்மா பதினோரு மணிக்கு வாராங்க. இருபது வருசத்துல இப்பத்தான் ஒருத்தங்க என்னைப் பார்க்கன்னு வாராங்க. மூணு நாள் பொறுங்க."

"மூணு நாள் காயப்போட இது கருவாடாலே?" இஞ்ஞாசி பலகைக்குப் பக்கத்தில் போனார். "சுருட்டுனா, கீழ போனவன் மேல வந்துட்டான்னு அர்த்தம். நீ சுருட்டிட்ட. அப்போ எவனோ வந்திருக்கணும்."



வாசலில் மைக்செட்காரர் மட்டும் 'அலோ, அலோ' என்றுகொண்டிருந்தார்.

இஞ்ஞாசி பலகைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். கிளாட்வின் எழுப்பவில்லை. கைலி கட்டிய ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பது படைப்புக்கு ஆழம் சேர்க்கிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்கும்.

பதினொரு மணிக்கு விழா. திறந்துவைத்த ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர், கடல், கலை இரண்டுமே 'க'வில் தொடங்குவதை நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்துச் சொன்னார். கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு இருட்டுக்குள் வந்தார்கள். முதல் மூன்று பலகைகளுக்கு முன்னால் தலையை ஆட்டினார்கள். நாலாவதுக்கு வந்ததும் ஆட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

மெல்லிசாக ஒரு சத்தம்.

குழாய் வழியாகக் காற்றை யாரோ உள்ளே இழுக்கிறார்கள்.

அப்புறம் ஒன்றுமில்லை. நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, நிதானமாக, வெளியே விடுகிறார்கள்.

"ஒலியமைப்பு பிரமாதம்" என்றார் முதல்வர். காலரிக்கார அம்மா குனிந்து பார்த்தார். "ஸ்பீக்கரை எங்கே வெச்சிருக்கீங்க?"

"அது படைப்போட ரகசியம் மேடம்" என்றான் கிளாட்வின். சிரித்தான். சிரித்துக்கொண்டே பலகையின் பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான். என்னென்ன பொருள் சேர்த்திருக்கிறான் என்ற பட்டியல் என் சட்டைப்பையில் இருந்தது. அதில் ஸ்பீக்கர் கிடையாது.

விற்றாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக அந்த அம்மா அட்டையில் சிவப்புப் பொட்டு ஒட்டினார். "சத்தத்தோட சேர்த்துத்தானே?"

"சேர்த்துத்தான்."

எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். உள்ளே நாங்கள் மூன்று பேர்.

பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து சிமெண்டுத் தரையில் வந்துகொண்டிருந்தது. என் வெறுங்காலில் பட்டது. உச்சிவெயில் நேரத்தில் அத்தனை குளிரான தண்ணீரை இந்த ஊரில் நான் தொட்டதில்லை.

இஞ்ஞாசி வாசலில் கிடந்த கடப்பாரையோடு வந்தார். கிளாட்வின் குறுக்கே நின்றான். "வித்துட்டேன் அண்ணே. நான் வாழ்க்கையில வித்தது இது ஒண்ணுதான்."

"தள்ளு."

"அண்ணே."

"தள்ளுலே." கடப்பாரையை ஓங்கியவர், அப்படியே நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "அண்ணாச்சி, இழுத்துட்டு எவ்வளவு நேரம் அடக்குதான்னு பாரும்."

போனில் பார்த்தேன். ஒன்றே முக்கால் நிமிஷம்.

கடப்பாரை மெதுவாகக் கீழே இறங்கியது.

"என் தம்பி ஓஸ் வச்சு சங்கு குளிக்கவன். கீழ அவனுக்குக் காத்து வந்துக்கிட்டே இருக்கும், அடக்க வேண்டிய தேவையே இல்ல. இருபது எண்ணுததுக்குள்ள விட்டுருவான். பீடி வேற." இஞ்ஞாசி கிசுகிசுத்தார். "இது ஓஸு இல்லாத காலத்து மூச்சு. கல்லைக் கட்டிக்கிட்டு முத்துக்கு இறங்கினவன் மூச்சு."

முழங்கால் போட்டு, வெளியே நீட்டிய முனையில் வாயை வைத்தார்.

"பெனிஸ்டா."

சத்தம் நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது.

இஞ்ஞாசியின் கன்னங்கள் ஒட்டிப்போயின. கழுத்து நரம்பு புடைத்தது. வாயை எடுக்க முடியவில்லை. நானும் கிளாட்வினும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தோம். மூன்று பேரும் தண்ணீரில் விழுந்தோம். அவர் உதடு நீலமாக இருந்தது.

அவர் மார்பிலிருந்து எடுத்த மூச்சை அது ஒன்றே முக்கால் நிமிஷம் வைத்திருந்து, பிறகு வெளியே விட்டது.

"எவனோ" என்றார் இஞ்ஞாசி, மூச்சு வந்ததும். "ஏறுததுக்கு வழி கெடைச்சிருக்கு. எவனோ ஏறிட்டான்."

"அப்போ உங்க தம்பி?" என்று கேட்டான் கிளாட்வின். நல்ல நேரம் பார்த்து அவனுக்கு மனிதக் குரல் வந்திருந்தது.

"அவனுக்கு ஏறி வர இருந்தது ஒத்த ஓஸு."

வெளியே வரும்போது வாசல் மேசையில் பார்வையாளர் பதிவேடு திறந்து கிடந்தது. முதல்வர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அவருக்குக் கீழே பெயர் இல்லை, கருத்து இல்லை. கையெழுத்துக் கட்டத்தில் ஈரப் பெருவிரல் ரேகை. ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது.

இஞ்ஞாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெனிஸ்டன் பத்தாங்கிளாஸ். கையெழுத்துப் போடுவான். அடியில ரெண்டு கோடு வேற இழுப்பான்" என்றார்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தபோது பதினொரு ரேகைகள். ராத்திரி ஈ, காக்கைகூட வரவில்லை என்று காவலாளி சொரிமுத்து குருமலை ஐயனார்மேல் சத்தியம் செய்தார். மூன்றாம் நாள் பதிவேடு தீர்ந்துவிட்டது. 'மக்கள் பங்கேற்புடன் ஒரு புதுமை' என்று உள்ளூர்ப் பத்திரிகை பாராட்டியது. கிளாட்வின் அதை என்னிடம் நீட்டினான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"ரேகையெல்லாம் நான்தான் வச்சேன்னு அட்டையில எழுதிருங்க அண்ணாச்சி."

"நீ வைக்கலியேடே."

"எழுதிருங்க. அப்படி இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

எழுதிக் கொடுத்தேன். அவனுக்குத் தூக்கம் வந்ததாகத் தெரியவில்லை. பெங்களூருக்குப் போய்விட்டான், போனை எடுப்பதில்லை. பலகையை ஏற்ற வந்த சென்னை வேன்காரர்கள் உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, வெறும் வண்டியோடு திரும்பிவிட்டார்கள். அது அங்கேயே நிற்கிறது. கிட்டங்கிக்காரரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

இஞ்ஞாசி மட்டும் வருகிறார். சாயங்காலம் ஒரு புது நோட்டு வாங்கி மேசையில் விரித்து, பக்கத்தில் பேனாவை மூடி கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். காலையில் வந்து பக்கம் பக்கமாகப் பார்க்கிறார். கண் சரியில்லை என்பதால் நான் டார்ச் பிடிக்கிறேன்.

நேற்று இருநூறு பக்க நோட்டு. எல்லாப் பக்கத்திலும் ரேகைகள், நெருக்கியடித்து, ஒன்றின்மேல் ஒன்றாக. சில விரல்கள் மிகவும் சின்னவை. பேனா வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது.

"எல்லாரும் வாரானுவ" என்றார் இஞ்ஞாசி. மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார்.

அவர் இரண்டாம் தடவை பார்த்து முடித்தபோது நாங்கள் உள்ளே வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கடைசிப் பக்கத்தில், முதல் தடவை வெறுமையாக இருந்த மூலையில், ஒரு பெருவிரல் ரேகை. அதிலிருந்து தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.