பூஜ்யமாவது இடம்

பட்டியலின் முதல் பெயர் இருதயசெல்வி என்று இருக்க வேண்டும். திண்டிவனத்திலிருந்து காலை ரயிலில் கூட்டிவந்த தன் அம்மாவின் பெயரை ஜாக்குலினே ஏற்றியிருந்தாள். இப்போது அதற்கு மேலே, துரைக்கண்ணு, கெடார். போன செவ்வாய்க்கிழமை செத்துப்போன கெடார் ஊர்க்காரர்.

விழுப்புரத்தின் அந்தத் தனியார் டயாலிசிஸ் சென்டரில் டோக்கன் பட்டியலை ஓட்டும் பைத்தான் நிரல் அவள் எழுதியது. மேனேஜர் சகாயராஜ் தனக்கு வேண்டியவர்களை, "மேல போடும்மா" என்பார். இன்சர்ட் என்று ஒரே வரி. கம்ப்யூட்டருக்கு முதல் இடம் பூஜ்யம்; அங்கே ஒருவரைச் செருகினால் மற்ற எல்லோரும் சத்தமில்லாமல் ஓரிடம் கீழே இறங்கிவிடுவார்கள். பிழை என்று எதுவும் கத்தாது. செவ்வாய்க்கிழமை அப்படி ஐந்து பேரைச் செருகினாள். ஐந்து முறையும் துரைக்கண்ணு வீங்கிய காலைத் தடவிக்கொண்டே, "பரவால்ல பாப்பா, அவங்க போவட்டும். நான் அப்பால போறேன்" என்றார். கடைசியில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது தலை தொங்கியிருந்தது.

துரைக்கண்ணுவின் பெயரை அழித்தாள். ஏசியின் உறுமல், டெட்டால் நெடி, வெளியே ஹாலில் அம்மாவின் இருமல். உள்ளே ஒரே ஒரு மெஷின் காலி. இன்றைக்குத் தள்ளிப்போனால் அம்மாவின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுபடி பார்த்தாள். துரைக்கண்ணு, துரைக்கண்ணு. மூன்றாவதாக அம்மா.

சகாயராஜுக்கு போன் போட்டுக் கத்தினாள். "யாரு சார் உள்ள பூந்து சொருகிக்கினு இருக்கறது?"

"பேஜாரு பண்ணாதம்மா. எல்லாம் உன் லாகின்லதான் ஏறிக்கினு இருக்குது."

உண்மைதான். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அவள் பெயர். அந்த ஆள்மேல் பொங்கிய ஆத்திரம் அப்படியே அவள்மேல் திரும்பியது. சொன்னது அவன். எண்டரைத் தட்டியது யார்? ஒரு தடவையாவது முடியாது என்று சொன்னாயாடி?

பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது.

ஹாலில் பெயர் கூப்பிடும் ஸ்பீக்கர் அணையவில்லை.

"துரைக்கண்ணு, கெடார்."

ஓடினாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது உள்ளே போய்விட வேண்டும்.

உட்காரவைத்திருந்த முதல் நாற்காலியில் அம்மா இல்லை. ஒன்பதாவதில் இருந்தாள். அவளுக்கு முன்னால் எட்டு நாற்காலி. எல்லாம் காலி. ஆனால் எட்டு மெத்தைகளும் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அமுங்கியிருந்தன.

"துரைக்கண்ணு, கெடார்."

அம்மா மூச்சிரைக்க எழுந்தாள். ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அவள் விட்ட மெத்தை மெல்ல அமுங்கியது.

"அம்மா! ஏந்திரு!"

அம்மா திரும்பவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"பரவால்லங்க, நீங்க போங்க. நான் அப்பால போறேன்."