சிரிப்பின் இடது கன்னம்

சிரிப்பின் முகத்தில் டீயைக் கொட்டியவன் சாட்சாத் சேஷுவேதான். ஏதோ ஹாஸ்யம் சொல்லிக் கையை வீசியதில் டம்ளர் கவிழ்ந்து, மேஜையில் கிடந்த படத்தின்மேல் இஞ்சி டீ ஓடிற்று.

பள்ளிப் பிள்ளைகளுக்காக டில்லியில் தயாராகிக்கொண்டிருந்த கார்ட்டூன் படம் அது. மனித உணர்ச்சிகள்தான் பாத்திரங்கள்: கோபம், அழுகை, சிரிப்பு, பயம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளின் முன்பக்கம் சேஷு கோடு இழுப்பான். பின்பக்கம் அவன் சிநேகிதன் பச்சைமுத்து வண்ணம் பூசுவான். முதுகில் பூசினால்தான் முகத்தில் துலங்கும் என்பது அந்தத் தொழிலின் விதி.

பச்சைமுத்துவின் முகம் எப்போதுமே வெறும் தாள். அவனை ஒரு தடவையாவது சிரிக்க வைத்துவிடுவது சேஷுவின் வாழ்நாள் லட்சியம். காமாலையில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊட்டியபோதுகூட ஜோக் சொல்லிப் பார்த்துத் தோற்றிருக்கிறான்.

துடைத்ததில் டீ போயிற்று. இடது கன்னத்தில் மட்டும் பலாச்சுளை வடிவில் ஒரு பழுப்புக் கறை. புதிதாகத்தான் வரைய வேண்டும். மாடல் வைக்க ஆபீசில் பட்ஜெட் ஏது? சேஷுவின் மூஞ்சிதான் மாடல். சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு சிரித்தான்.

கண்ணாடியில் இருந்தவன் சிரிக்கவில்லை. ரேஷன் வரிசையில் நிற்கிறவனைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சேஷு விரலால் உதட்டைத் தடவினான். அது அசைந்திருக்கவேயில்லை.

அவன் கோணங்கி காட்டிச் சிரித்தால்தான் மகள் இந்திராணிக்குத் தூக்கம் வரும். நேற்று, "அப்பா, ஏன் குஸ்ஸா? என்மேல கோபமா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தான் சிரித்துக்கொண்டிருந்ததாகத்தான் நினைத்திருந்தான்.

வெளியே மூடுபனி மந்திர் மார்க் சாலையை விழுங்கிவிட்டிருந்தது. கரியடுப்புப் புகையும் வண்ணத்தின் புளித்த வாடையும் அறைக்குள் கலந்து நிற்க, முதுகுக்குப் பின்னால் பச்சைமுத்துவின் தூரிகை பிளாஸ்டிக்கில் சரக், சரக் என்று ஒரே சீராக இழைந்துகொண்டிருந்தது. கோபத்தை வரைந்ததிலிருந்து சேஷுவுக்குக் கோபம் வருவதில்லை. மனைவி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அழுகையை வரைந்த கையோடு அப்பா போன தந்தி வந்தது, கண் நனையவில்லை. "டில்லிக் குளிரு அப்படி" என்று சமாதானம் சொன்னவன் பச்சைமுத்து.

"டேய் பச்சை, என் மூஞ்சில ஏதாவது வித்தியாசமா தெரியறதா?"

"பயத்த வரைஞ்சு முடி வே. டைரக்டர் கேக்காரு."

சரக். சேஷுவின் முதுகுத்தண்டில் ஏதோ ஈரமாக இறங்கிற்று. சட்டைக்குள் கைவிட்டான். காய்ந்த தோல்தான். சரக். மறுபடியும் ஈரம். தூரிகை அகலத்துக்கு.

கண்ணாடியைப் பார்த்தான். முகத்தில் பயம் இருந்தது. அது மட்டும் இருந்தது. கை பென்சிலைப் பற்றிக்கொண்டது. அவன் சொல்லாமலே கோடு ஓடிற்று. புருவம். விரிந்த கண். பிளந்த வாய். நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை.

"பச்சை." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என் சிரிப்பு எங்கடா?"

தூரிகை நின்றது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது. காலையிலிருந்து மூக்குவரை சுற்றியிருந்த மஃப்ளரைப் பச்சைமுத்து நிதானமாக அவிழ்த்தான்.

"எங்கிட்டதான் இருக்கு வே."

சிரித்தான். மேலுதடு தெற்றுப்பல்லில் ஒரு கணம் மாட்டி விடுபடும் சேஷுவின் சிரிப்பு. இந்திராணியைத் தூங்கவைக்கும் சிரிப்பு. இடது கன்னத்தில், பலாச்சுளை வடிவில், பழுப்பாக ஒரு கறை.

"பயத்த ஏண்டா விட்டுவச்சே?"

"விட்டு வைக்கலியே. இப்பத்தான வரைஞ்சு முடிச்சிருக்க."

சேஷு குனிந்தான். தாளில் அவன் முகம் வாயைப் பிளந்து அலறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, நல்ல பிள்ளையாக, பின்பக்கத்தைத் திருப்பி பச்சைமுத்துவிடம் நீட்டினான். சவரக் கண்ணாடிக்குள் ஒரு வெறும் தாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.